பைப்ராய்டுக்கு ஹார்மோன் மருந்து: மாத்திரையா, லூப்பா, மாச ஊசியா?

ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டின்னு வந்துருச்சுங்க, ஒரு டாக்டர் மாத்திரை போட்டுப் பார்க்கலாம்ங்கறாங்க, இன்னொருத்தர் உள்ள லூப் வெச்சுக்கோங்கன்னாங்க, மூணாவதா பார்த்தவங்க குழந்தைகதான் பெத்தாச்சே கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னுட்டாங்க, இப்ப நாங்க எதைத்தான் பண்றதுன்னு பெருந்துறை, கோபி, அவிநாசி பக்கமிருந்து கேக்காத வாரமே இல்லைங்க. நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடையில பார்மசிஸ்ட். ஆனா இந்த மருந்துக எல்லாம் என் கை வழியாத்தான் போகுது, யாருக்கு எது ஒத்துக்குது, யாரு பாதியில விட்டுட்டு வெளுத்துப்போய் திரும்ப வர்றாங்கன்னு பார்த்துட்டுத்தான் இருக்கேன். அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

எல்லாரும் மொதல்ல கேக்கறது "கட்டி கரையுமா?"ன்னுதான். இன்னைக்கு இருக்கற எந்த ஹார்மோன் மருந்தும் பைப்ராய்டை அடியோட கரைச்சு இல்லாமப் பண்ணாதுங்க. சிலது உதிரப்போக்கைக் குறைக்கும், சிலது கட்டியைச் சுருக்கும், நிறுத்தினா திரும்ப வளர ஆரம்பிக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ரெண்டும்தான் இந்தக் கட்டிக்குத் தீனி, மருந்து எடுக்கற வரைக்கும்தான் அந்தத் தீனி நிக்கும். அதனால டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வேற: இந்த மருந்து எனக்கு எதுக்காக, எத்தனை மாசத்துக்கு, அதுக்கப்புறம் என்ன? இதுக்குப் பதில் தெரியாம வருஷக்கணக்கா மாத்திரை முழுங்கிட்டு இருக்கற அக்காமாருங்களை நினைச்சுத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

புத்துநோயா மாறிடுமோன்னு வெசனப்படறவங்களுக்கு ஒண்ணு. பைப்ராய்டுங்கறது தசையில வர்ற சாதாரணக் கட்டி, அது கேன்சரா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். 50 வயசுக்குள்ள பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ஸ்கேன்ல ஒரு கட்டியாவது தெரியும், அதுல நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வைத்தியமும் வேண்டாம்.

## மருந்துக்கு முன்னால எதையெல்லாம் பார்க்கோணும்

தொந்தரவு என்ன. உதிரப்போக்குதான் பிரச்சினைன்னா மருந்துக்கு நல்லாவே கேக்கும். கட்டி அமுக்கி அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, மலச்சிக்கல், அடிவயிறு கனமா இருக்கறதுன்னா கட்டி சின்னதாகோணும், அதை எல்லா மருந்தும் செய்யாது. குழந்தைக்காக முயற்சி பண்ணிட்டு இருக்கறவங்களுக்கு இந்த மருந்துக பெரும்பாலும் சரிப்படாது, எடுக்கற வரைக்கும் கரு நிக்காது, மாசந்தான் வீணாப் போகும்.

கட்டி எங்க இருக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில எடுத்தா எல்லாரும் சென்டிமீட்டரைத்தான் தேடறாங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கற வார்த்தை அதைவிட முக்கியம்ங்க. சப்மியூகோசல்னு இருந்தா கர்ப்பப்பையோட உள்பக்கமா துருத்திட்டு இருக்குன்னு அர்த்தம், இன்ட்ராமியூரல்னா சுவத்துக்குள்ள, சப்சீரோசல்னா வெளிப்பக்கம். உள்ள துருத்திட்டு இருக்கற 2 சென்டிமீட்டர் கட்டி மாசாமாசம் ரத்தமாக் கொட்ட வைக்கும், வெளிப்பக்கம் 6 சென்டிமீட்டர் கட்டி இருந்தும் தூரம் (மாதவிடாய்) சாதாரணமா வர்றவங்க இருக்காங்க. உள்ள துருத்தற கட்டியை வயித்தைக் கிழிக்காமயே கீழ்வழியா கேமரா விட்டு எடுத்துடலாம், ஹிஸ்டரோஸ்கோப்பின்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி கட்டி இருக்கறவங்க ஹார்மோன்லயே வருஷத்தை ஓட்டறதுக்கு முன்னால இதை ஒரு வார்த்தை கேட்டுடோணும்.

வயசு. வயசாகி மாதவிடாய் நின்னா, அதாவது மெனோபாஸ் வந்தா, கட்டி தானா சுருங்கும். 48 வயசுக்காரங்களுக்குத் தேவை இன்னும் கொஞ்ச வருஷத்தை ஓட்டறது, 32 வயசுக்காரங்களுக்கு இன்னும் 15 வருஷத்துக்கு மேல பாக்கி இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு எழுத முடியாது. 45 தாண்டினவங்களுக்கு உதிரப்போக்கு மாறி இருந்தா, ஹார்மோன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால கர்ப்பப்பை உள்சவ்வுல இருந்து துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க. அதைத் தட்டிக் கழிக்காதீங்க.

ஹீமோகுளோபின். 12க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, 8க்குக் கீழன்னா கடுமையானது. எந்த வழியில போனாலும் இது ஏறோணும்.

உடம்பு வாகு, அப்புறம் பணம். பிபி, கண்ணுல பூச்சி பறந்து வர்ற ஒத்தைத் தலைவலி, கால்ல ரத்தம் உறைஞ்சது, ஈரல் கோளாறு, மார்புல கேன்சர் வந்தது, இதுல எது இருந்தாலும் சீட்டு எழுதறதுக்கு முன்னாலயே வாயைத் திறந்து சொல்லோணும். பணத்தைப் பத்திக் கடைசியில தனியாச் சொல்றேன், அதுதான் பாதி முடிவை எடுக்குது.

## கர்ப்பத்தடை மாத்திரை

ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த 21 நாள் அட்டை. விலை கம்மி, எல்லாக் கடையிலயும் கிடைக்கும், போக்கு குறையும், வலி குறையும், தேதி ஒழுங்கா வரும். கட்டியைச் சுருக்காது. ஈஸ்ட்ரோஜன் இருக்கறதுனால கட்டி வளர்ந்துடுமேன்னு கேப்பாங்க, இந்த மாத்திரையில இருக்கற அளவுக்கு அப்படிப் பெருசா வளர்றதில்லை.

35 வயசுக்குள்ள, பிபி இல்லாம, கட்டி சின்னதா, இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்னு இருக்கறவங்களுக்கு ஆரம்பிக்க நல்ல இடம் இதுதான். பிபி இருக்கறவங்களுக்கும் அந்தத் தலைவலிக்காரங்களுக்கும் கூடாது. மறைஞ்சிருக்கற செலவுன்னா, தினமும் ஒரே நேரத்துக்குப் போடோணும். நைட் சிப்ட், பகல் சிப்ட்னு மாறி மாறிப் போற மில்லு வேலைக்காரங்களுக்கு இது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க, ரெண்டு நாள் விட்டா இடையில பட ஆரம்பிச்சுரும், உடனே மாத்திரை ஒத்துக்கலைன்னு தூக்கிப் போட்டுடறாங்க.

## நாரெதிஸ்டிரோன், அதாவது நோம்பி மாத்திரை

இதைத் தெரியாத வீடே நம்ம பக்கம் இல்லை. மாரியம்மன் நோம்பிக்கு, பழனி பாதயாத்திரைக்கு, வீட்டு விசேஷத்துக்குத் தூரத்தைத் தள்ளிப்போடப் போடறாங்களே, அதே 5 மி.கி. மாத்திரைதான். போக்கு அதிகமா இருக்கறவங்களுக்கும் டாக்டருங்க இதைத்தான் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளைன்னு எழுதறாங்க. கொட்டிட்டு இருக்கறதைச் சீக்கிரம் நிறுத்தறதுல இது கெட்டிதான்.

ஆனா என் கடையில எனக்கு அதிகமா மனசு சங்கடப்படறது இந்த மாத்திரையாலதான். மஞ்சப்பைக்குள்ள இருந்து பாதி கிழிஞ்ச பழைய அட்டையை எடுத்து மேசை மேல வெச்சு, பேரு கூட சரியாத் தெரியாது, "இதே மாத்திரை ரெண்டு அட்டை குடு கண்ணு, இதைப் போட்டா நின்னுக்குது"ன்னாங்க ஒரு அக்கா, திருப்பூர்ல பவர் டேபிள் ஓட்டறவங்க. யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னா, போன வருஷம் எப்பவோ பார்த்த டாக்டர். நகமெல்லாம் வெள்ளைக் காகிதமாட்ட இருந்துச்சு. மாத்திரை தராம ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு கட்டாயப்படுத்தி அனுப்பினேன், ஹீமோகுளோபின் 7க்கும் கீழ. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினாங்க. மாத்திரை அவங்களுக்கு மாசாமாசம் ரத்தத்தை நிறுத்திட்டுத்தான் இருந்துச்சு, அதனாலேயே உள்ள என்னன்னு யாரும் பார்க்கவே இல்லை.

இது கட்டியைச் சுருக்காது. நிறுத்தினவுடனே ஒரு தூரம் வரும், சிலருக்கு அது ரொம்ப அதிகமாவே வரும், பயந்துக்கிட்டு மறுபடி மாத்திரைக்கு ஓடறாங்க. உப்புசம், மார்வலி, மனசு ஒரு மாதிரி சோர்ந்து கிடக்கறது இதெல்லாம் உண்டு. பலபேருக்குத் தெரியாதது என்னன்னா, அதிக அளவுல போடும்போது இதுல ஒரு பங்கு உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறுது, அதனால ரத்தம் உறையற வாகு இருக்கறவங்களுக்கு இதுவும் சும்மா மாத்திரை இல்லைங்க. ஸ்கேனுக்கோ, லூப் வைக்கவோ, ஆபரேஷனுக்கோ நாள் பார்த்துட்டு இருக்கற கொஞ்ச காலத்துக்கு நல்ல மருந்து. வருஷக்கணக்குக்கு இது இல்லை.

## ஹார்மோன் லூப்

காப்பர் டியோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. காப்பர் டி வெச்சா போக்கு இன்னும் அதிகமாகும். இது லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. இருக்கற லூப், கர்ப்பப்பைக்குள்ளயே தினமும் துளித்துளியா மருந்தை விட்டு உள்சவ்வை மெல்லிசாக்குது. ரத்தத்துல கலக்கறது கம்மிங்கறதால மாத்திரையை விட உடம்பு முழுக்கத் தொந்தரவு குறைவு. ஒரு தடவை வெச்சா போக்குக்கு 5 வருஷம் வேலை செய்யும். தினமும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டா, கட்டி சுவத்துக்குள்ளயோ வெளிப்பக்கமோ இருந்து, கர்ப்பப்பையோட உள் அறை நேரா இருந்து, 40 வயசுப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதைத்தான் மொதல்ல விசாரிக்கச் சொல்லுவேன். மெனோபாஸ் வரைக்கும் இது ஒண்ணுலயே கரையேறினவங்க நிறைய. பிபி இருக்கறவங்களும் வெச்சுக்கலாம்.

மறைஞ்ச செலவு ரெண்டு. மொத மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் சொட்டுச் சொட்டா பட்டுட்டே இருக்கும், இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததாலதான் ரெண்டாவது மாசமே எடுத்துடுங்கன்னு போய் நிக்கறாங்க, அங்க வெச்சது பூராவும் வீண். நம்ம வீடுகள்ல இன்னும் சாமி அறைக்குள்ள போகாத பழக்கம் இருக்கறதுனால, இப்படி அரைமாசம் படறது சில பேருக்கு ரத்தம் போறதை விடப் பெரிய வேதனை, அதையும் கணக்குல சேர்த்துட்டுத்தான் முடிவு பண்ணோணும். ரெண்டாவது, கட்டி உள்ள துருத்திட்டு அறையைக் கோணலாக்கி இருந்தா லூப் தானா வெளிய வந்துர்ற வாய்ப்பு அதிகம். அப்படி இருக்கறவங்க வைக்கறதுக்கு முன்னால நல்லா ஒரு ஸ்கேன் பார்த்துக்கோங்க. தூரமே நின்னுபோச்சுன்னா கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடுமான்னு கேக்கறாங்க. தங்காதுங்க, உள்சவ்வு வளரலைன்னா கழிச்சுவிட அங்க ஒண்ணுமே இல்லை.

விலை கொஞ்சம் அதிகம், சில ஆயிரம் ஆகும், ஆனா 5 வருஷத்துக்கு வகுத்துப் பாருங்க, மாசாமாசம் மாத்திரையும் நாப்கினும் வாங்கற காசை விட இது மோசமில்லை. நம்ம நாட்டுலயே தயாராகற பிராண்டும் இருக்கு, விலை குறைவா வருமான்னு கேளுங்க.

## மாச ஊசி

லியூப்ரோலைடு 3.75 மி.கி., மாசம் ஒண்ணு. மூளையில இருந்து சூலகத்துக்குப் போற கட்டளையையே நிறுத்தி, தற்காலிகமா மெனோபாஸ் மாதிரி ஆக்கிடுது. இதுதான் கட்டியை உண்மையாவே சுருக்கற மருந்து, மூணு மாசத்துல மூணுல ஒரு பங்குல இருந்து பாதிக்கு மேல வரைக்கும் அளவு குறையும், தூரமும் நிக்கும்.

அப்ப எல்லாரும் இதையே போடலாமேன்னா, முடியாதுங்க. போட்ட மொத ஒண்ணு ரெண்டு வாரம் ஹார்மோன் ஏறி அப்புறந்தான் இறங்கும், அதனால மொத மாசம் போக்கு கூடலாம். பொறகு உடம்பு பத்தி எரியறது, ராத்திரி வேர்த்துக் கொட்டறது, தூக்கம் கெடறது, மூட்டு வலி. கூடவே கொஞ்சம் ஹார்மோன் சேர்க்காம இதை மட்டும் ஆறு மாசத்துக்கு மேல போட்டா எலும்பு தேயும். நிறுத்தினா சில மாசத்துல கட்டி பழைய அளவுக்கு வந்துரும். ஒரு ஊசியே சில ஆயிரம், அதோட கால்சியம், டாக்டர் பீஸ், ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளம்.

அதனால இது பாலம் கட்டற மருந்து. கட்டி பெருசு, ஹீமோகுளோபின் 7, ஆபரேஷன் எப்படியும் பண்ணித்தான் ஆகோணும்னா, மூணு மாசம் இந்த ஊசி போட்டு ரத்தத்தை ஏத்திட்டு, கட்டியைச் சின்னதாக்கிட்டு அப்புறம் உள்ள போறது நல்ல வழி, ரத்தம் ஏத்தற தேவையே சிலருக்கு இல்லாமப் போகும். ஆபரேஷன் திட்டமே இல்லாத 35 வயசுக்காரங்களுக்கு இதை ஆரம்பிச்சா, ஆறாவது மாசம் என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

## புது மாத்திரைக

ஊசி செய்யற வேலையையே வாய்வழியா, மொத நாள்ல இருந்தே, அந்த ஆரம்ப ஏத்தம் இல்லாம செய்யற மாத்திரைக வந்திருக்கு. எலகோலிக்ஸ் கூட்டு மாத்திரைக்கு அமெரிக்காவுல 2020லயும், ரெலுகோலிக்ஸ் கூட்டுக்கு 2021லயும் பைப்ராய்டு போக்குக்காக அனுமதி கொடுத்தாங்க. எலும்பு தேயாம இருக்க, எரிச்சல் குறைய, கூடவே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனும் நாரெதிஸ்டிரோனும் சேர்த்தே வருது. ரெலுகோலிக்ஸ் கூட்டை வெச்சு நடந்த ரெண்டு பெரிய ஆய்வுல, 24 வாரத்துல 73, 71 சதவீதம் பேருக்குப் போக்கு பாதிக்கு மேல குறைஞ்சு சாதாரண அளவுக்குள்ள வந்துச்சு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல அது 19, 15 சதவீதந்தான். இது பெரிய வித்தியாசம்ங்க.

ஆனா 24 மாசத்துக்கு மேல வேண்டாம்னுதான் அங்க அனுமதி, ஈஸ்ட்ரோஜன் சேர்ந்திருக்கறதுனால பிபி, ரத்தம் உறையற வாகு இருக்கறவங்களுக்கு இதுவும் ஆகாது, கட்டியைச் சுருக்கறது ஊசி அளவுக்கு இல்லை. அப்புறம் முக்கியமா, ரெலுகோலிக்ஸ் தனியா 120 மி.கி.ன்னு வர்றது ஆம்பளைங்க புராஸ்டேட் கேன்சருக்கு. நெட்டுல பேரைப் பார்த்துட்டு வந்து அதைக் கேக்காதீங்க, பைப்ராய்டுக்கு 40 மி.கி. கூட்டு.

## மிபெப்ரிஸ்டோன், யூலிப்ரிஸ்டல், வார மாத்திரை

மிபெப்ரிஸ்டோன்னா கருக்கலைப்பு மாத்திரைன்னு எல்லாருக்கும் தெரியும், அது 200 மி.கி. பைப்ராய்டுக்கு 10, 25 மி.கி.ன்னு குறைஞ்ச அளவுல தினமும் சில மாசம் எழுதறாங்க. தூரம் நின்னுடும், கட்டியும் ஓரளவு சுருங்கும், ஊசி மாதிரி எரிச்சல் அதிகம் இல்லை, விலையும் தாங்கக்கூடியது. உள்சவ்வுல மாற்றம் வரும்ங்கறதால இடையில ஸ்கேன் பார்த்துட்டே இருக்கோணும், நிறுத்தினா திரும்ப வளரும். பெரிய ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காத, மெனோபாஸை நெருங்கிட்டு இருக்கறவங்களுக்கு டாக்டர் கண்காணிப்புல ஒத்து வரலாம்.

யூலிப்ரிஸ்டல் 5 மி.கி. நல்லா வேலை செய்யற மருந்துதான், ஆனா ஐரோப்பாவுல சில பேருக்கு ஈரல் மோசமாக் கெட்டு, ஈரல் மாத்தற அளவுக்கே போயிருச்சு. 2020ல அங்க அதை நிறுத்தி வெச்சு, பொறகு வேற வழியே இல்லாதவங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. வேற மருந்து இருக்கும்போது இதுக்குப் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியலை.

வார மாத்திரைங்கறது ஆர்மெலாக்சிபீன், லக்னோவுல நம்ம அரசு ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது, அரசு ஆஸ்பத்திரியில சாயாங்கற பேர்ல கர்ப்பத்தடைக்கு இலவசமாத் தர்றாங்க. அது 30 மி.கி. போக்குக்கு எழுதறது 60 மி.கி., வாரம் ரெண்டுன்னு 12 வாரம், அப்புறம் வாரம் ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு நாள்தான்ங்கறது பெரிய வசதி. போக்கைத்தான் குறைக்கும், கட்டி சுருங்கும்னு நம்பி எடுக்காதீங்க. சூலகத்துல நீர்க்கட்டி வர்ற வாகு இருக்கறவங்க தவிர்க்கோணும்.

## ஹார்மோனே வேண்டாம்னா

டிரானெக்சாமிக் ஆசிட், போக்கு அதிகமா இருக்கற நாலஞ்சு நாளைக்கு மட்டும். குழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கும் ஹார்மோன் ஆகாதவங்களுக்கும் இதுதான் கை கொடுக்கும். ரத்தம் உறைஞ்ச சரித்திரம் இருந்தா கூடாது. இதையும் கர்ப்பத்தடை மாத்திரையையும் நீங்களாவே சேர்த்துப் போடாதீங்க.

எந்த வழியா இருந்தாலும் இரும்புச்சத்து கூடவே போகோணும். கம்பெனியில 11 மணி டீயோட சேர்த்து இரும்பு மாத்திரையைப் போட்டா பாதி உடம்புல ஒட்டாது. டீ, காபி, பால் குடிச்சு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. வயிறு ஒத்துக்கலைன்னா ஊசியாவே ஏத்தலாம், அதுக்கும் ஆஸ்பத்திரியில வசதி இருக்கு.

## ஆபரேஷனும் காசும்

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல 15-49 வயசுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு மூணு பேரு கர்ப்பப்பை எடுத்தவங்க. எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கட்டி ரொம்பப் பெருசா அமுக்குது, மருந்து ரெண்டு வகை முறையாப் பார்த்தும் கேக்கலை, குழந்தை போதும்னா அது நிரந்தரத் தீர்வு. ஆனா 35 வயசுல, ஒரு மருந்து கூட ஒழுங்காப் பார்க்காம எடுக்கறது வேற. சூலகத்தை விட்டுட்டு எடுத்தாலும் மெனோபாஸ் சீக்கிரம் வர்ற வாய்ப்பு கூடுது.

இங்கதான் காசு வந்து நிக்குது. முதலமைச்சர் காப்பீடு மாதிரியான திட்டங்க, தனியார் பாலிசிக எல்லாம் படுத்து வைத்தியம் பார்த்தாத்தான் பெரும்பாலும் பணம் கட்டும். மாத்திரை, வெளிநோயாளி ஊசியெல்லாம் நம்ம கையில இருந்து. அதனால இலவசமா ஆகற ஆபரேஷன், காசு போட்டு வாங்கற மாத்திரையை விட மலிவாத் தெரியுது, வீட்டுல ஆம்பளைங்க கணக்குப் போடறதும் அப்படித்தான். அந்தக் கணக்குல ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணரை மாசம் பாரம் தூக்க முடியாம வேலைக்குப் போகாம இருக்கற சம்பளத்தையும் சேருங்க. மில்லுலயோ பனியன் கம்பெனியிலயோ இஎஸ்ஐ பிடிக்கறவங்க அந்தக் கார்டை எடுத்துட்டு டிஸ்பென்சரிக்குப் போங்க, அதுல வெளிநோயாளியா மருந்தும் உண்டு, இதைத் தெரியாமலே மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுட்டு வெளிய காசு கொடுத்து வாங்கறாங்க. லூப் விலை கட்டுபடியாகலைன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில கேளுங்க, கோயம்புத்தூர், பெருந்துறை, திருப்பூர், சேலம் எல்லாத்துலயும் மகப்பேறு பிரிவு இருக்கு.

எதை ஆரம்பிச்சாலும் மூணு மாசம் கழிச்சு ஹீமோகுளோபினும், டாக்டர் சொன்ன நாள்ல ஸ்கேனும் பாருங்க. எத்தனை நாள், எத்தனை நாப்கின், ரத்தம் கட்டி கட்டியாப் போச்சான்னு காலண்டர்லயே குறிச்சு வெச்சு அதைக் கொண்டுபோய்க் காட்டுங்க, போக்கு குறைஞ்சுதா இல்லையான்னு டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாத்துவாங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுது, அது ரெண்டு மூணு மணி நேரம் விடாமப் போகுது, எந்திரிச்சா கண்ணு இருட்டுது, படபடன்னு அடிக்குது, இல்ல மாத்திரை எடுக்கறப்ப ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது, மூச்சு முட்டுதுன்னா எங்க கடைக்கு வராதீங்க, காலையில பார்த்துக்கலாம்னும் இருக்காதீங்க, 108க்குப் போன் பண்ணி நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.